ஏழு நொடி

வேதியியல் துறையின் பழைய செமினார் ஹாலில்
சனிக்கிழமை மதியம்
பதினொரு பேர் நாங்கள்.
ஆளுக்குப் பத்து நிமிடம் ஆசிரியர்,
மற்ற நேரமெல்லாம் முதலாமாண்டு மாணவர்.

முப்பதை நெருங்கும் வயதில்
மாணவராய் நடிப்பது நினைத்த அளவு எளிதில்லை.
ஜெபசிந்தா பேனா மூடியைக் கடித்தாள்.
நாகூர் மீரான் ஜன்னல் வழியே
நாகமலையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மாயக்கிருஷ்ணன் கடைசி பெஞ்சில்
தலை கவிழ்ந்து தூங்கினான்.
"மிக இயல்பான நடிப்பு" என்று
எங்களில் யாரோ தாளில் எழுதியிருந்தார்கள்.
உதவித்தொகை ஐந்து மாதமாய் வரவில்லை என்பதும்
இரவில் அவன் ஆரப்பாளையத்தில் பார்சல் ஏற்றுகிறான் என்பதும்
மதிப்பெண் படிவம் கேட்காத விவரம்.

படிவம் கேட்பவை
குரல், கரும்பலகை, கண் நோக்கு.
அப்புறம் ஒன்பதாவது வரியில்:
கேள்வி கேட்டபின் ஏழு நொடி காத்திருந்தாரா?

நான் கேட்டேன்.
வினை சமநிலைக்கு வந்துவிட்டால்
குடுவைக்குள் என்ன நடக்கும்?
கேள்விக்குறி விழும் முன்பே
பத்து வாயும் பதில் சொன்னது.
முன்வினை, பின்வினை, இரண்டும் சம வேகம்.
ஆராய்ச்சியின் நாலாம் வருடத்தில்
இதுகூடத் தெரியாமலா.
அந்த ஏழு நொடியை
ஒருவரும் எனக்குத் தரவில்லை.
பத்துக்கு ஒன்பது தந்தார்கள்.

திங்கட்கிழமை உசிலம்பட்டி.
ஆள் பற்றாத கல்லூரி, மணிக்கணக்கில் சம்பளம்.
செக்கானூரணி தாண்டும்வரை பஸ்ஸில் நின்றபடி
பாடக்குறிப்பை மூன்று முறை படித்தேன்.
அறுபத்து நாலு பேர். இரண்டு மின்விசிறி,
ஒன்று சுற்றியது.
அதே கேள்வி. அதே ஏற்ற இறக்கம்.

ஒன்று.
இரண்டு.
முன்வரிசை நோட்டைப் பார்த்தது.
மூன்று.
யாரோ செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார்கள்.
நான்கு.
நானே சொல்லிவிடலாம் என்று
நாக்கு மேலண்ணத்தில் ஏறி நின்றது.
சாக்பீஸ் விரலில் மாவாகிக்கொண்டிருந்தது.
ஐந்து, ஆறு,
சந்தைக்குப் போகிற லாரி ஒன்று
ஹாரனை அடித்து முடித்துப் போனது.
ஏழு.
படிவம் அதோடு முடிகிறது.
எட்டுக்கு எனக்குப் பயிற்சி கிடையாது.

ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருந்தது.
வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு
குடுவையும் அப்படித்தான் இருக்கும்.

எத்தனையாவது நொடி, தெரியவில்லை.
ஜன்னலோரம், வருகைப்பதிவில் நாற்பத்தொன்று,
சிவனம்மாதேவி,
எழலாமா கூடாதா என்று பாதி எழுந்து
"நடக்கும் மிஸ்" என்றாள்.
"என்ன நடக்கும்?"
"அது தெரியல மிஸ்.
ஆனா நிக்காதுல்ல?"

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு.
என் குறிப்பில் இதற்கு அடுத்த வரி இல்லை.
இல்லாமலேதான் மீதி நேரம் போனது.
ஏன் நிக்காது,
நிக்கலைன்னு எப்படிக் கண்டுபிடிக்க,
நிஜமாவே நின்னுட்டா அதுக்கு என்ன பேரு.
சிரித்தவனும் கேட்டான்.
சிலபஸில் இரண்டு பக்கம் பின்தங்கினேன்.
திரும்பும்போது டிக்கெட் வாங்க நீட்டிய கையைப் பார்த்து
"டீச்சரா?" என்றார் கண்டக்டர்.
விரலெல்லாம் வெள்ளை.
ஆமாம் என்பதற்குள்
அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அடுத்த சனி மாயக்கிருஷ்ணன் முறை.
சட்டையை இன் செய்திருந்தான்,
கண் இரண்டும் சிவந்திருந்தது.
பலகையில் பென்சீன் வளையத்தை
கொஞ்சம் கோணலாய் வரைந்து
எங்கள் பக்கம் திரும்பினான்.
"இந்த ரெட்டைப் பிணைப்பு
உண்மையில எங்க இருக்கு?"

எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.
ஜெபசிந்தா வாயைத் திறந்துவிட்டாள்.
மேசைக்கடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.
முறைத்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள்.
மீரான்கூட மலையை விட்டுத் திரும்பினான்.

அவன் எங்களைப் பார்த்தான்.
நாங்கள் அவனை.
அவன் கிருதாவை ஒட்டி ஒரு துளி வியர்வை
இறங்கத் தொடங்கியது.
நான் எண்ணவில்லை.